சிவப்புக் கல் சொல்லும் சாட்சி

(நாகர்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான்கு கால் கொண்ட முதல் உயிர்கள் எப்படிப்பட்ட இடத்தில் வாழ்ந்தன என்பதைக் கல்லை வைத்து எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு. இதைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் வந்து பேசுவதில் ஒரு வேடிக்கை உண்டு. வேளிமலையிலோ மருந்துவாழ்மலையிலோ புதைபடிவ எலும்பு தேடி யாரும் சம்மட்டியோடு கிளம்ப வேண்டாம். நம் மலைகளின் கருங்கல் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 800 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருமாறிய கல். கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்தபோது நடந்த சமையல் அது. நிலவியல் கட்டுரைகளில் ‘நாகர்கோவில் பாறைத் தொகுதி’ என்ற பெயர் அடிக்கடி வரும். மடகாஸ்கரையும் இலங்கையையும் ஆராய்கிறவர்களுக்கும் நம் ஊர்ப் பெயர் தெரியும். ஆனால் அந்தச் சூட்டில் எந்த எலும்பும் தப்பியிருக்காது. எலும்புள்ள பிராணிகள் பெருகியதும் அதற்குப் பிறகுதான்.

மீன்களில் ஒரு கூட்டத்துக்குக் கைகால் உருவானது டெவோனியன் காலத்தில், ஏறத்தாழ 39 கோடி முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்தக் காலத்துப் படிவுப் பாறை தீபகற்ப இந்தியா முழுவதிலுமே கிடையாது. நம் நிலம் அப்போது மேடாக இருந்து அரிபட்டுக்கொண்டிருந்தது. அரிபடுகிற நிலம் தன் வரலாற்றை எழுதி வைப்பதில்லை. அதன் மண் போய்ச் சேர்கிற பள்ளம்தான் எழுதி வைக்கும். புத்தகத்தில் அந்த அத்தியாயத்தின் தாள்களே நம்மிடம் இல்லை.

அப்படியிருந்தும் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் வீடு கட்ட வெட்டுக்கல் எடுக்கிற குழிகளைப் பார்த்திருப்பீர்கள். ரத்தச் சிவப்பு. ரப்பர் தோட்டத்துக்கு நடுவே, இரண்டு பருவமழையும் கொட்டுகிற இடத்தில் உண்டான சிவப்பு அது. அதே மாவட்டத்தில் முட்டத்துக்குப் போனால் தேரி மணல். அதுவும் சிவப்பு. அதையே இன்னும் கிழக்கே தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரியில் பார்த்தால், முள்ளும் உடைமரமும் பனையும் தவிர எதுவும் நில்லாத வறண்ட சீமை. இரண்டுக்கும் நிறம் கொடுப்பது இரும்புத் துரு. இரண்டுக்கும் கிடைக்கிற மழை வேறு. நிறத்தை மட்டும் பார்த்து ஒரு இடத்தின் தட்பவெப்பத்தைச் சொல்ல முடியாது என்பது நமக்குப் பாடம் படிக்காமலே தெரியும்.

இது தெரியாததால், அல்லது தெரிந்தும் போதிய அளவு மதிக்காததால், ஒரு பெரிய கோட்பாடு அரை நூற்றாண்டு நின்றது. அமெரிக்க நிலவியலர் ஜோசப் பாரல் 1916இல் டெவோனியன் காலச் செம்மணற்கற்களைப் பற்றி எழுதினார். மழைக்காலமும் கடும் கோடையும் மாறி மாறி வந்த நிலம் என்று அவற்றைப் படித்தார். காற்றைச் சுவாசிக்கும் முதுகெலும்பிகள் தோன்றியதற்கும் அந்தத் தட்பவெப்பத்துக்கும் தொடர்பு உண்டு என்றார். தொல்லுயிரியலர் ஆல்பிரட் ரோமர் அதை எடுத்துக்கொண்டு மேலே போனார். குளம் வற்றுகிறது, மீன்கள் தவிக்கின்றன. சதைப்பற்றுள்ள துடுப்பு கொண்டவை தரையில் ஊர்ந்து அடுத்த குளத்துக்குப் போகின்றன. பிழைத்தவற்றின் பிள்ளைகளுக்குத் துடுப்பு மெல்லக் காலாகிறது. தண்ணீரை விட்டுப் போவதற்காக வந்த கால் இல்லை இது, தண்ணீரிலேயே நீடிப்பதற்காக வந்த கால் என்றார் ரோமர். அழகான வாதம். பாடநூல்களில் படத்தோடு வந்தது. அந்தப் படங்களில் தரை எப்போதும் பாளம்பாளமாக வெடித்துச் சிவந்திருக்கும்.

வாதம் எலும்பில் உடைந்தது, பிறகு கல்லில் உடைந்தது. கிழக்குக் கிரீன்லாந்தில் 1930களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு குன்னர் சேவே-சோடர்பெர்க் இக்தியோஸ்டெகா என்ற பழைய நாற்கால் உயிரியைக் கண்டெடுத்தார். 1987இல் கேம்பிரிட்ஜின் ஜெனி கிளாக் அதே மலைப்பகுதிக்குப் போய் அகந்தோஸ்டெகா என்ற இன்னொரு நாற்கால் உயிரியின் அருமையான எலும்புக்கூடுகளோடு திரும்பினார். அதன் கையில் எட்டு விரல். இக்தியோஸ்டெகாவின் பின்காலில் ஏழு. அகந்தோஸ்டெகாவுக்கு உள்ளே மீனுக்குரிய செவுள்கள் இருந்தன, உடலைத் தாங்கும் மணிக்கட்டு இல்லை. விரல் இருந்தது, நடக்க முடியாது. அப்படியானால் கால் தோன்றியது தண்ணீருக்குள்தான். செடி அடர்ந்த ஆழமற்ற நீரில் தள்ளிக்கொண்டு போக. அகந்தோஸ்டெகா கிடைத்த மணற்கல் அடுக்கை ஆராய்ந்தவர்கள் கண்டதும் வற்றிய குட்டை இல்லை; வளைந்தோடிய ஒரு சிற்றாற்றின் திட்டு.

ஆனால் கல் யாருடைய கட்சியிலும் நிரந்தரமாக இருப்பதில்லை. அதே அகந்தோஸ்டெகாக் கூட்டத்தின் மேற்கை எலும்புகளை 2016இல் சின்குரோட்ரான் எக்ஸ்-கதிரில் பார்த்தபோது, வளர்ச்சி வளையங்கள் தெரிந்தன. ஆறு வயது தாண்டியும் முழு வளர்ச்சி அடையாத இளசுகள் அவை. வெள்ளம் ஒதுக்கிவிட்டுப் போன நீரில் சிக்கி, அது வடிய வடிய ஒன்றாகச் செத்த கூட்டம் என்பதுதான் சுற்றியுள்ள படிவோடு பொருந்துகிற விளக்கம். ஆக வறட்சி அங்கே இருந்தது. அவற்றைக் கொன்றது, கால் கொடுக்கவில்லை. செத்த இடத்தையும் வாழ்ந்த இடத்தையும் குழப்பிக்கொள்வது இந்தத் துறையின் பழைய வியாதி.

சரி, கல்லை எப்படிச் சாட்சி சொல்ல வைக்கிறார்கள்? முதல் வேலை அதற்கு முகவரி எழுதுவது. பாறையிலிருந்து உடைக்கும் முன்பே எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் வடக்கு என்று மார்க்கர் பேனாவால் குறி போட்டுவிட வேண்டும். அடுக்கின் கனம், சாய்வு, மேலே என்ன, கீழே என்ன என்பதெல்லாம் நோட்டில் ஏற வேண்டும். இது இல்லாத மாதிரி, எவ்வளவு அழகாக இருந்தாலும், மேசைமேல் காகிதம் பறக்காமல் வைக்கத்தான் உதவும்.

ஆய்வகத்தில் வைரத்தூள் பதித்த வாளால் அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்ப்பார்கள். அந்தக் கனத்தில் கருங்கல்லிலேயே வெளிச்சம் ஊடுருவும். துருவ ஒளி நுண்ணோக்கியில் வைத்தால் மணல் துகள்களின் முனை உருண்டிருக்கிறதா, கூராக இருக்கிறதா என்று தெரியும். களிமண் துகள்கள் வேர் போன வழியில் படலமாகப் படிந்திருந்தால், அது குளத்தடிச் சேறு இல்லை, செடி முளைத்த தரை. பச்சை நிறத்துக் கிளாகோனைட் கண்ணில் பட்டால் கடல். இன்னொரு துண்டை ஹைட்ரோபுளூரிக் அமிலத்தில் கரைப்பார்கள். கல் கரைந்துபோகும், தாவர வித்துத்தூள் கரையாமல் நிற்கும். அதை வைத்து வயது சொல்லலாம். மணவாளக்குறிச்சி மணலில் இல்மனைட்டோடும் மோனசைட்டோடும் வருகிற சிர்கான் நமக்குப் பழக்கமானது. பழைய மணற்கல்லில் அதே சிர்கானைப் பொறுக்கி யுரேனியம்–ஈயக் கணக்கில் வயது பார்த்தால், அந்த ஆறு எந்த மலையிலிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். எந்த ஒரு சோதனையும் தனியாகப் போதாது. போலந்தின் சாகெல்மி குவாரியில் 2010இல் அறிவித்த நாற்கால் உயிரிகளின் காலடித் தடங்கள், டிக்டாலிக் என்ற புகழ்பெற்ற மீனைவிடப் பழையவை. முதலில் அதைக் கடலோரக் கழிமுகத் தரை என்றார்கள். 2018இல் அதே அடுக்குகளை மெல்லிய சீவல்களாக்கிப் பார்த்த குழு, அவ்வப்போது நிரம்பி வற்றிய ஏரிகள் என்றது. தடம் மாறவில்லை. அது பதிந்த தரைதான் கடலிலிருந்து நிலத்துக்கு மாறியது.

இந்த முறை முழு பலத்தோடு இயங்கியது ஸ்காட்லாந்து எல்லையில். டெவோனியன் முடிவுக்குப் பிறகு சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு நாற்கால் உயிரிகளின் எலும்பே அநேகமாகக் கிடைக்காத ஒரு வெற்றிடம் இருந்தது; ரோமரின் இடைவெளி என்பார்கள். காற்றில் ஆக்சிஜன் குறைந்ததால் உயிரிகள் சுருங்கிவிட்டன என்று 2006இல் ஒரு விளக்கம் வந்தது. ஸ்டான் வுட் என்ற தேர்ந்த புதைபடிவச் சேகரிப்பாளர் அந்தப் பகுதியின் பலகன் படிவுகளில் விடாமல் தேடி அந்த இடைவெளியைச் சேர்ந்த எலும்புகளை எடுத்துக் காட்டினார். 2012இல் அது அச்சில் வந்தது, அதே ஆண்டு அவர் காலமானார். பிறகு கிளாக் தலைமையில் ஒரு கூட்டுத் திட்டம் அமைந்தது. 2013இல் நோராம் என்ற ஊருக்கு அருகே ஆழ்துளை போட்டு, சுமார் 500 மீட்டர் நீளத்துக்குக் கல் உருளையை வெளியே எடுத்தார்கள். ஒரு எலும்புக்காக இல்லை. அடுக்கு விடாமல் கல்லுக்காக.

அந்த உருளையில் இருநூறுக்கும் மேற்பட்ட புதைந்த மண் தரைகள் எண்ணப்பட்டன. அவற்றில் ஒரு வகை நம் கோவில்பட்டிக் கரிசலின் பங்காளி. கோடையில் வெடித்து, மழையில் உப்பி, உள்ளே மண்கட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி உரசிய பளபளப்பான முகங்கள் கல்லாகியும் அப்படியே இருக்கின்றன. அந்த மண்ணின் வேதியியலை வைத்து ஆண்டு மழை 1,000 முதல் 1,500 மில்லிமீட்டர் என்று கணக்கிட்டார்கள். நம் மாவட்டத்து மழைக்கு அவ்வளவு தூரமில்லை. அன்றைய ஸ்காட்லாந்து நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மழையும் வெயிலும் நமக்குப் பழகியவையே. மரங்கள்தான் வேறு, பறவையே இல்லை.

உருளையில் என்னைக் கவர்ந்தது மண் தரைகளுக்கு மேலே வரும் ஒரு வகை மணல் கலந்த வண்டல்கல். சாம்பல் நிறம், பார்வைக்கு ஒன்றுமில்லாதது. அறுத்து மெருகேற்றினால் உள்ளே எல்லாம் கலந்து கிடக்கும்: உடைந்த மண்கட்டி, மீன் செதில், மரவட்டைத் துண்டு, கரிந்த தண்டு, சின்ன எலும்பு. துகள்கள் கனத்துக்குத் தக்கபடி பிரிந்து படியவில்லை. பெரியதும் சிறியதும் குழம்பாக நின்றுவிட்டன. பெருமழையில் சமவெளி மேல் பரவிய சேற்று வெள்ளம் தன் வழியில் கிடந்ததை வாரி வந்து ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறது. எலும்பு சேகரிக்கிறவர்கள் இந்த அடுக்கை முன்பெல்லாம் கவனிக்காமல் தாண்டிப் போவார்கள். சிறிய நாற்கால் உயிரிகளின் எலும்பு இதில்தான் இருந்தது. ஆக்சிஜன் கேள்விக்கும் பதில் கரித்துணுக்கில் வந்தது. ஆக்சிஜன் ஏறத்தாழ 16 சதவீதத்துக்குக் கீழே போனால் காட்டுத்தீ பற்றாது. டெவோனியன் முடிவுக்கு முன்பும் பின்பும் கரி தொடர்ந்து இருக்கிறது. 2016இல் ஐந்து புதிய நாற்கால் உயிரிகளுக்குப் பெயர் வைத்த கட்டுரையிலேயே இதுவும் வந்தது. இடைவெளியில் பெரும்பகுதி நாம் தேடாததால் உண்டானது என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் கிடைத்தவை முதல் நாற்கால் உயிரிகள் அல்ல. அவற்றின் அடுத்த பெருங்குடும்பமான தட்டைத்தலை நீர்நில வாழ்விகள். மிகப் பழையவை காஷ்மீரின் பெர்மியன் அடுக்குகளில் கிடைத்தன. 1905இல் ஒன்றை ஆர்தர் ஸ்மித் உட்வர்ட் விவரித்தார். 1928இல் இன்னொன்றை டி. என். வாடியாவும் ஸ்விண்டனும் விவரித்தார்கள். வாடியா ஜம்முவில் கல்லூரி ஆசிரியராகத் தொடங்கியவர் என்பதைக் கல்லூரி ஆசிரியர்கள் நிறைந்த இந்த அவையில் சொல்லிவைக்கிறேன். அந்தத் தலையோடுகள் இருந்த கல் நுண்ணிய, சிலிக்கா நிறைந்த ஏட்டுக்கல். கூடவே கங்காமாப்டெரிஸ் இலைகளும் மீன்களும். கீழே பாஞ்சால் எரிமலைக் குழம்பு, மேலே கடல் சுண்ணாம்புக்கல். எரிமலை ஓய்ந்த நிலத்தில் ஏரிகள் நின்றன, பிறகு கடல் ஏறி மூடியது என்று மூன்று அடுக்கும் வரிசையாகச் சொல்கின்றன.

தாமோதர் பள்ளத்தாக்கில் இன்னும் கடுமையான கதை. ராணிகஞ்சில் நிலக்கரி அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, சட்டென நின்று, மேலே பஞ்செட் படிவின் பச்சையும் சிவப்புமான சேற்றுக்கல் தொடங்குகிறது. சதுப்புக்காடு போய்விட்டது. 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவின் கோடு அது. அதன்பின் உலகில் எங்குமே ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு நிலக்கரி உண்டாகவில்லை. அந்தச் சேற்றில் லிஸ்ட்ரோசாரஸ் என்ற நாற்கால் பிராணியும் பல வகை நீர்நில வாழ்விகளும் கிடைக்கின்றன. ஹக்ஸ்லி 1865இலேயே சிலவற்றை விவரித்துவிட்டார். ஆனால் நாக்பூருக்குத் தெற்கே மாங்க்ளியில் 1850களில் கிடைத்து ரிச்சர்ட் ஓவன் பெயர் வைத்த பிராக்கியாப்ஸ் என்ற நீர்நில வாழ்வியின் தலையோட்டுக்கு நேர்ந்த கதி வேறு. ஒற்றைத் தலையோடு, சுற்றியிருந்த அடுக்குகளின் விவரம் சொற்பம். அதன் வயது பற்றிய சர்ச்சை நூறு ஆண்டு தாண்டியும் ஓயவில்லை.

அடுக்கைக் குறிக்காமல் எலும்பை எடுக்கும் இந்த வழக்கத்தை மாற்றியது கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனம். புள்ளியியல் நிறுவனத்துக்கு டைனோசரோடு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அதை நிறுவிய மகலனோபிஸ் அப்படிப்பட்ட கேள்விகளை மதித்தவர் இல்லை. 1950களின் இறுதியில் லண்டனிலிருந்து பமேலா ராபின்சனை அழைத்து நிலவியல் பிரிவைக் கட்டினார். பிராணஹிதா–கோதாவரிப் படுகையில் முதலில் வரைபடம், அடுக்கு வரிசை, பிறகு எலும்பு என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். பாராபாசாரஸ் டைனோசரால் அந்தப் பிரிவு பெயர் பெற்றது. என் கணக்கில் அந்த ஒழுங்குதான் அதைவிடப் பெரிய சாதனை.

அங்கே மலேரி என்ற படிவு, பழைய அதிலாபாத் மாவட்டத்தில், பருத்திக் காட்டுக்கு நடுவே சிவந்து கிடக்கும். டிரையாசிக் காலத்தின் பிற்பகுதி. தபன் ராய் சௌத்ரி 1965இல் அங்கிருந்து விவரித்த நீர்நில வாழ்வி இப்போது பந்தாசாரஸ் எனப்படுகிறது. தட்டைத் தலை, கண்கள் மூக்குக்குப் பக்கத்தில் முன்னே தள்ளி; தலையோட்டின் மேல் மீன்களுக்கு இருப்பதுபோல் நீரின் அசைவை உணரும் வரிப்பள்ளங்கள். தண்ணீரை விட்டு வெளியே வராத உடம்பு. ஆனால் சுற்றியிருக்கும் சேற்றுக்கல்லில் சுக்கான் எனும் சுண்ணாம்புக் கட்டிகள். மழைக்குப்பின் நீண்ட வெயில் வந்து மண்நீர் ஆவியானால்தான் சுக்கான் உருளும். ரோமர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இங்கேதான் கல்லை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். மலேரியில் சேற்றுக்கல்லுக்கு இடையே ஒரு விசித்திரமான மணற்கல் வரும். அதன் ‘மணல்’ முழுக்கச் சுண்ணாம்பு உருண்டை. பட்டாணியளவு, கடுகளவு. வெட்டிப் பார்த்தால் ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் வெடிப்பு, வெடிப்பை நிரப்பிய கால்சைட் பளிங்கு. ஆனால் வெடிப்பு உருண்டையின் ஓரத்தோடு அறுபட்டு நிற்கும். அப்படியென்றால் முதலில் மண்ணுக்குள் கட்டி உருவாகி, காய்ந்து வெடித்து, நிரம்பி, அதற்குப் பிறகுதான் வெள்ளம் அதைத் தோண்டி உருட்டி ஓரத்தைத் தேய்த்திருக்கிறது. அதே அடுக்கில் நன்னீர் மட்டியின் ஓடும் செரடோடஸ் என்ற நுரையீரல் மீனின் பற்தகடும் கிடைக்கும். நுரையீரல் மீனைக் கண்டதும் வறட்சி என்று எழுதிவிடக் கூடாது. ஆப்பிரிக்க வகை சேற்றுக்குள் உறங்கும்; ஆஸ்திரேலிய வகை உறங்காது. மட்டிக்கு ஆண்டு முழுதும் தண்ணீர் வேண்டும். சமவெளி காய்ந்தது, ஆற்றில் நீர் நின்றது. இரண்டும் ஒரே ஆண்டில் நடக்கும். தை கழிந்ததும் வயல் வெடிக்கிறது, பழையாற்றின் மடுவில் மீன் கிடக்கிறது, இதில் நமக்கு முரண்பாடு தெரிகிறதா?

சாத்பூராவில் டென்வா உள்ளிட்ட படிவுகளின் சுக்கான் கட்டிகளுக்கு இன்னொரு பயன் கண்டார்கள். அவற்றின் கார்பன் ஐசோடோப்புகளை அளந்து அன்றைய காற்றின் கரியமில வாயுவைக் கணக்கிட்ட ஆய்வு 2001இல் வெளிவந்தது. பெர்மியனில் குறைவாக இருந்த அளவு டிரையாசிக்கிலும் ஜுராசிக்கிலும் பல மடங்கு ஏறியிருக்கிறது. மத்தியப் பிரதேசத்து ஓடைக்கரையில் காலில் இடறுகிற கட்டி, உலகம் முழுமைக்குமான காற்றை அளக்கிறது.

டெவோனியனுக்கு இந்தியாவில் போக்கிடமே இல்லையா என்றால், இருக்கிறது, இமயத்தில். ஸ்பிட்டியின் ‘பின்’ என்ற பள்ளத்தாக்கில் முத் என்ற வெண்மணற்கல் உண்டு. டெவோனியன் தொடக்கத்தின் கடற்கரை மணல். அதில் கணுக்காலிகள் ஈர மணலில் நடந்த தடங்களை 2001இல் ஒரு குழு விவரித்தது. முதுகெலும்பிகளுக்குக் கால் வருவதற்கு முன் நம் கரையில் நடந்தவை அவை. முத் கல்லுக்கு மேலே லிபாக் படிவு. டெவோனியன் நடுப்பகுதியிலிருந்து கார்பனிபெரஸ் தொடக்கம் வரை நீள்கிறது. ரோமரின் இடைவெளியில் ஒரு பகுதியும் அதற்குள் அடங்கும். பெரும்பகுதி ஆழமற்ற கடல். இடையே ஜிப்சம் வருகிறது. ஸ்காட்லாந்தின் பலகனிலும் ஜிப்சம் உண்டு.

இமயத்தின் பழைய புதைபடிவங்களைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறைக்க முடியாது. ஜான் டேலன்ட் என்ற ஆஸ்திரேலியர் 1989இல் நேச்சர் இதழில் எழுதியதற்குப் பிறகு, இமயத்தில் கிடைத்ததாக அச்சான ஏராளமான மாதிரிகள் அங்கே கிடைத்தவையே அல்ல என்பது அம்பலமானது. வேறு கண்டத்துப் புதைபடிவத்துக்கு இமயத்து முகவரி ஒட்டியிருந்தார்கள். அதனால் ஸ்பிட்டியில் வேலை செய்கிற இளைஞர்கள் இன்றும் பழைய பட்டியலை நம்பாமல் தாங்களே அடுக்கு அடுக்காக ஏறி எடுக்க வேண்டியிருக்கிறது.

என் ஆசையைச் சொல்லிவிடுகிறேன். லிபாக்கில் எல்லாரும் சுண்ணாம்புக்கல்லைத்தான் உடைக்கிறார்கள், கோனோடோன்ட் என்ற பழைய கடல் பிராணியின் பல் கிடைத்தால் வயது சொல்லலாம் என்பதால். எனக்கு வேண்டியது ஜிப்சத்துக்கு அண்டையில் இருக்கிற சேற்றுக்கல். அதில் வேர்த்தடமோ களிமண் படலமோ உரசிய முகமோ ஒரு சீவலில் தெரிந்தால், கடல் விலகிய நிலம் அங்கே சிறிது காலமாவது இருந்தது என்று அர்த்தம். எலும்பு தேடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இந்த அவையில் நிலவியல் படிக்கிற மாணவர்கள் சிலர் இருக்கிறார்கள் என்று சொன்னார்கள். ஸ்பிட்டியின் காஸா வரை பேருந்து போகிறது. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை வேலை செய்யலாம்.